ஒன்பது பொன்னாடைகளும் ஒரு பஸ் நிலையமும்

1

போன கிழமை வேலணையில் இருந்து என் பள்ளிக்கூடத் தோழி ரெலிபோன் எடுத்தாள். சுகம் விசாரித்து முடிக்கும் முன்னரே ஆவலை அடக்க முடியாமல் கேட்டாள்.

"வசந்தி, உங்கட அத்தானைக் கண்டதும் கனடாவிலே ஒரு நகரசபை முழுக்க எழும்பி நிண்டு கும்பிட்டதாமே? மெய்யோ?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கும்பிட்டது மெய். எழும்பி நின்றதும் மெய். ஆனால் அதற்கு முன்னாலும் பின்னாலும் நடந்தவற்றை அத்தான் ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை என்பது அவளுடைய குரலிலேயே தெரிந்தது. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான புங்குடுதீவில் இருக்கிறார். கனடாவுக்கு ஒரு கோடை விடுமுறைக்கு வந்தவர், ஊருக்குத் திரும்பும்போது ஒரு நகரத்தையே காப்பாற்றிய மனிதராகத் திரும்பியிருக்கிறார். சந்திக்குச் சந்தி கதை வளர்கிறதாம். இப்படியே விட்டால் வருகிற வருடம் அவருக்குச் சிலை வைத்துவிடுவார்கள். நடந்ததை நடந்தபடி ஒருவராவது எழுதி வைக்கவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2

ஊரில் கனடா என்றால் ரொறொன்ரோ. நாங்கள் இருப்பது அங்கே இல்லை. அங்கிருந்து காரில் இரண்டு மணித்தியாலம் ஓடவேண்டும். பெரிய நகரம் என்று சொல்ல முடியாது, சின்ன ஊர் என்றால் இங்குள்ளவர்கள் கோபிப்பார்கள். ஒரு ஆறு, ஒரு மணிக்கூட்டுக் கோபுரம், ஒரு பழைய தபாற்கந்தோர், எல்லாவற்றுக்கும் நடுவில் பஸ் நிலையம். பஸ் நிலையத்துக்கு நேர் முன்னால் எங்கள் சாப்பாட்டுக்கடை. என் கணவர் குசினியில், நான் முன்னால்.

விடிய முதல் பஸ்ஸுக்கு முன்னரே கதவைத் திறந்துவிடுவோம். ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகும் பிலிப்பைன்ஸ் பெண்கள் மீன் ரோல் வாங்குவார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கொத்துரொட்டி. பஸ் பிந்தினால் எங்களுக்கு யோகம். பனி கொட்டினால் பஸ்ஸும் பிந்தும், சனமும் உள்ளே வந்து நிற்கும், தேநீர்க் கேத்தில் அடுப்பை விட்டு இறங்காது. பஸ்ஸைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுகிறவர்களின் காசில்தான் என் மகள் அபி படித்தாள்.

ஒருநாள் மின்கம்பத்தில் நகரசபையின் அறிவித்தல் ஒட்டியிருந்தது. நகர மையத்தைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். பஸ் நிலையத்தை எடுத்து, ஊருக்கு வெளியே பெருந்தெருவோரம் உள்ள கடைத்தொகுதிக்குப் பக்கத்தில் வைப்பார்களாம். பஸ் நிலையம் இருந்த இடத்தில் உயரமாக ஒரு மாடிக்கட்டடம் எழும்புமாம். நகரசபையில் போய்த் திட்ட அறிக்கையை எடுத்து வாசித்தேன். 'துடிப்பான நகர மையம்' என்ற சொற்றொடர் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. பஸ்ஸை எடுத்துவிட்டால் அங்கே எது துடிக்கும் என்றுதான் ஒரு பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

அபி ரொறொன்ரோவில் கட்டட வரைஞர்களிடம் வேலை செய்கிறாள். வார இறுதியில் வந்தவளிடம் அறிக்கையில் இருந்த படத்தைக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வடிவாகப் பார்த்தாள்.

"அம்மா, கோவிக்காதைங்கோ. டிசைன் நல்ல வடிவா இருக்கு."

"பஸ் எங்கை?"

"பஸ் இதிலே இல்லைத்தான். ஆனா மரம் இருக்கு, குந்தியிருக்கிறதுக்கு நீட்டு வாங்கு இருக்கு..."

"வாங்கிலே இருந்து ஆர் என்னத்துக்குக் காத்திருக்கிறது?"

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். எனக்கு அன்று உண்மையாகவே அவள் மீது கோபம் வந்தது. நான் வளர்த்த பிள்ளை படத்தில் உள்ள மரத்தைப் பார்க்கிறாள், அந்த மரத்துக்குக் கீழே புதைந்து போகப்போகும் கடையைப் பார்க்கிறாளில்லையே என்று. பிறகு இரவுச் சாப்பாட்டின்போது அவளே சொன்னாள், நகரசபையில் யாரும் போய் ஐந்து நிமிடம் பேசலாம், பெயரைப் பதிந்தால் போதும், பேச்சை நானே எழுதித் தருகிறேன் என்று.

3

எனக்கு ஏன் அவ்வளவு பதற்றம் என்று அபிக்கு விளங்காததற்கு ஒரு காரணம் உண்டு. அவள் தன் தாத்தாவின் கடையைக் கண்டதில்லை.

அப்பா இலங்கையின் தென்பகுதியில் ஒரு பட்டணத்தில் சைவச் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். எங்கள் தீவுப்பக்கத்து ஆட்கள் அந்தக் காலத்தில் கடை போட இடம் பார்க்கும்போது வாடகையைக் கேட்கமாட்டார்கள், பஸ் எங்கே நிற்கிறது என்றுதான் கேட்பார்கள். அப்பாவும் பஸ் ஸ்ராண்டுக்கு முன்னால்தான் போட்டார். பள்ளி விடுமுறைக்கு நாங்கள் போய் நிற்போம். தோசைக்கல்லின் சத்தமும் கொண்டக்டர்மாரின் கூச்சலும் கலந்து கேட்கும். ஒருநாள் ஒரு ட்ரைவர் தோசை சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னாராம், "முதலாளி, நாளையிலே இருந்து பஸ் அந்தப் பக்கம்தான் நிற்கும்" என்று. பஸ் ஸ்ராண்ட் இடம் மாறுவது அப்படித்தான் அப்பாவுக்குத் தெரிய வந்தது. அந்த வருட முடிவுக்குள் கடையைப் பூட்டிக்கொண்டு புங்குடுதீவுக்கு வந்துவிட்டார்.

அவர் ஒருவரையும் திட்டியதில்லை. "என்னை ஒருக்காக் கேட்டிருக்கலாம்" என்று மட்டும் எப்போதாவது சொல்வார்.

4

இந்த நேரம் பார்த்துத்தான் அத்தான் வந்து இறங்கினார். அக்காவுக்கு முழங்கால் வருத்தம், பிளேன் ஏற ஏலாது என்று ஊரிலேயே நின்றுவிட்டார். அத்தான் முன்னொரு காலம் தீவுப்பக்கத்தில் ஒரு உள்ளூர்ச் சபையில் உறுப்பினராக இருந்தவர். பதவி போய்க் கனகாலம், பழக்கம் போகவில்லை. வீட்டில் சாப்பாட்டு மேசையில்கூட, "நான் இந்தக் கருத்தை ஆமோதிக்கிறன்" என்றுதான் இன்னொரு இடியப்பம் கேட்பார்.

அவர் இருந்த சபை ஒரு சந்தைக் கட்டடம் கட்டியது. நல்ல கட்டடம், ஓடு போட்டது, சீமெந்துத் திட்டுகள் எல்லாம் உண்டு. ஒரே ஒரு குறை, பஸ் போகும் தெருவில் இருந்து அது எட்டத்தில் தள்ளி இருந்தது. மீன்காரர் முதல் நாள் போய்ப் பார்த்துவிட்டு அடுத்த நாளே பழையபடி சந்திக்கு வந்துவிட்டார்கள். இப்போது ஆடுகள்தான் அங்கே படுக்கின்றன.

"அதுக்குக் கை உயர்த்தின ஆக்களிலே நானும் ஒராள்" என்று அத்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஆடுகள் எனக்கு நன்றி சொல்லுது."

நகரசபைக் கூட்டம் என்றதும் அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. அபி எழுதித் தந்த பேச்சை வாங்கிப் பார்த்தார்.

"உதென்ன, எடுத்த எடுப்பிலே விசயத்துக்குப் போகுது? விளிப்பு எங்கை?"

"விளிப்போ?"

"தலைவர் அவர்களே, உறுப்பினர் அவர்களே, செயலாளர் அவர்களே எண்டு. ஆளாளாச் சொல்லவேணும். ஒராளை விட்டால் அந்த ஆள் எதிர்த்துக் கை உயர்த்துவார். நான் கண்டனான்."

அபி தடுத்தாள். "பெரியப்பா, அஞ்சு நிமிசம்தான் இருக்கு."

"மரியாதைக்கு நேரம் பார்க்கக்கூடாது, பிள்ளை."

நான் யாருடைய பேச்சைக் கேட்டேன் என்று உங்களுக்கே தெரியும்.

5

சபை மண்டபம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மண்டபம் அளவுதான். அரைவட்ட மேசையில் மேயரும் உறுப்பினர்களுமாக ஒன்பது பேர். அவர்களில் நாலு பேர் பஸ் நிலையம் இருக்கட்டும் என்கிறவர்கள், ஐந்து பேர் எடுக்கவேண்டும் என்கிறவர்கள் என்று பத்திரிகையிலேயே எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு கை மாறினால் போதும். எடுக்கவேண்டும் என்கிறவர்களில் சத்தமாகக் கதைப்பவர் நகரத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றேன். மேயர் அவர்களே என்று தொடங்கினேன். பிறகு ஒவ்வொரு உறுப்பினராக, பெயர்ப்பலகையைப் பார்த்துப் பார்த்து, வாயில் நுழையாத பெயர்களை எல்லாம் நுழைத்து, செயலாளர், உத்தியோகத்தர்கள், பெரியோர்கள், தாய்மார்கள் என்று முடிக்கும்போது மஞ்சள் விளக்கு எரிந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. வருகை தந்தவர்களுக்கு நன்றி சொன்னேன். அப்பாவின் கடை என்று வாய் எடுத்தேன், சிவப்பு விளக்கு எரிந்து ஒலிவாங்கி நின்றுவிட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை வருடம் மனதுக்குள் வைத்திருந்த கதை. சொல்ல ஒரு சபை கிடைத்தும், நன்றி மட்டும் சொல்லிவிட்டு வந்து கதிரையில் இருந்தேன். அபி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பக்கம் பார்த்தேன், அத்தானின் கதிரை வெறுமையாக இருந்தது.

அவர் கையில் ஒரு பை. இங்கே நடக்கும் எங்கள் ஊர்ச் சங்க விழாவில் பெரியவர்களுக்குப் போர்ப்பதற்கு என்று யாழ்ப்பாணத்தில் கட்டாக வாங்கி வந்த பொன்னாடைகள் அதில் இருந்தன. மனிதர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நேரே மேயருக்கு முன்னால் போய் நின்று கைகூப்பினார். மேயரும் எழும்பிக் கைகூப்பினார். உடனே பொன்னாடை தோளில் விழுந்தது. அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று ஒவ்வொருவராக எழும்ப, ஒவ்வொருவராகக் கும்பிட, இதுவும் என் பேச்சின் ஒரு பகுதி என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவரும் தடுக்கவில்லை. இரும்புக்கடைப் பெரியவர் தன்னுடையதை இழுத்துச் சரியாகப் போட்டுக்கொண்டார். மண்டபம் முழுக்கக் கைதட்டல். யாரோ படம் எடுத்தார்கள். தோழி கேட்டாளே, சபை முழுக்க எழும்பிக் கும்பிட்டது என்று, அது இந்த இடம்தான். அத்தானின் கதை இதோடு முடிகிறது.

நடந்தது முடியவில்லை. செயலாளர் எழும்பினார். தெரு, கட்டடம், காணி என்று சபைக்கு முன்னால் இருக்கும் ஒரு விடயத்தில் சம்பந்தப்பட்டவரிடம் பரிசு வாங்கிய உறுப்பினர் அந்த விடயத்தில் வாக்களிக்கக்கூடாது என்று விதி இருக்கிறதாம். மேயர் தன் தோளைப் பார்த்தார். பிறகு இடமும் வலமும் பார்த்தார். ஒன்பது தோளிலும் சரிகை மினுங்கியது. வாக்களிக்க ஒருவரும் மிச்சம் இல்லை.

அப்படியானால் இப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று மேயர் கேட்டார். அபி அதை அத்தானுக்குச் சொன்னாள். அத்தான் பையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"போர்த்த பொன்னாடையைச் சபையிலே வைச்சுத் திருப்பி வாங்கிறதோ? அது அவையை அவமதிக்கிறது. என்னாலே ஏலாது எண்டு சொல்லு."

அபி சொன்னாள். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தார்கள். இடையில் ஒவ்வொரு உறுப்பினரும் தன்னுடைய பொன்னாடையைக் கொடுத்தவரிடம் நேரில் ஒப்படைத்துவிட்டு வந்து அறிவிக்கவேண்டும் என்று முடிவானது.

வீட்டுக்கு வரும் வழியில் அத்தான் காருக்குள் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வீடு கிட்டும்போது சொன்னார்.

"செயலாளருக்குப் போர்க்க மறந்துபோனன். அதுதான் மனுசி கோவிச்சது."

6

ஒப்படைப்பு எங்கள் கடையில் நடந்தது. பிரச்சினை என்னவென்றால், படியேறி வந்த மனிதரை அத்தான் சும்மா அனுப்பமாட்டார். தேநீரும் ரோல்ஸும் வைத்தார். அதுவும் பரிசு, சாப்பிட ஏலாது என்றார்கள். அப்படியானால் காசு கொடுத்துச் சாப்பிடுங்கள் என்றேன் நான். வந்த விருந்தாளிகள் காசை எண்ணி வைப்பதைப் பார்க்க முடியாமல் அத்தான் குசினிக்குள் போய் நின்றுகொண்டார்.

"நாளைக்கு ஊரிலே நான் என்னெண்டு முகம் காட்டுறது, வசந்தி? பொன்னாடையைப் போட்டுப் பறிச்சு, தேத்தண்ணிக்கும் காசு வாங்கினதெண்டு கேள்விப்பட்டால்?"

"நீங்கள் சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்?" என்றேன். அந்த ரகசியத்தை அவர் இன்றுவரை காப்பாற்றுகிறார்.

இரும்புக்கடைப் பெரியவர் ஒரு பின்னேரம் வந்தார். பொன்னாடையை அழகாக மடித்துக் கடதாசியில் சுற்றியிருந்தார். காரை நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி வந்ததில் முகம் கறுத்திருந்தது. வெளியே மழை. கடைக்குள் பஸ்ஸுக்கு நிற்கும் சனம். அவர் மூலையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தார். ஆஸ்பத்திரி உடுப்போடு நின்ற ஒரு பெண் அவரை அடையாளம் கண்டு, தன் பிள்ளையின் முதல் சைக்கிளுக்குப் பூட்டு வாங்கியது உங்கள் கடையில்தான் என்றாள். அவர் கடையும் இதே தெருவில்தான் இருந்ததாம். அந்தக் கடைக்குத் தான் பஸ்ஸால் இறங்கித்தான் போனதாகச் சொன்னாள் அவள்.

பெரியவர் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். அன்று ஒலிவாங்கி நின்றபோது நீ ஏதோ சொல்ல வந்தாய், உன் தகப்பனைப் பற்றி, அது என்ன என்று கேட்டார்.

விளிப்பும் இல்லை, நன்றியும் இல்லை. அவருக்கு எதிர்க்கதிரையில் இருந்தபடி அப்பாவின் கடையைப் பற்றிச் சொன்னேன். என் ஆங்கிலம் எவ்வளவு பிழையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அவர் ஒரு இடத்திலும் மறித்துக் கேட்கவில்லை. ட்ரைவர் சொல்லித்தான் அப்பாவுக்குத் தெரிந்தது என்றபோது மட்டும் தலையை ஆட்டினார். எழும்பும்போது, பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள கார் தரிப்பிடத்தைக் காட்டி, மாடியை அங்கே கட்டினால் உனக்கு ஆட்சேபனையா என்று கேட்டார்.

எனக்கு முப்பது வருடமாக வரி கட்டச் சொல்லியிருக்கிறார்கள், பனி அள்ளச் சொல்லியிருக்கிறார்கள். உனக்கு ஆட்சேபனையா என்று இந்த நகரத்தில் ஒருவர் கேட்டது அன்றுதான். அவர் போன பிறகு குசினிக்குள் போய்க் கணவரின் தோளில் சாய்ந்து நன்றாக அழுதேன். சந்தோசத்தில்தான்.

7

வாக்கெடுப்புக்கு முன்னரே அத்தானின் விடுமுறை முடிந்துவிட்டது. மனமில்லாமல்தான் பிளேன் ஏறினார். கூட்டத்தைப் போனில் காட்டவேண்டும் என்று அபியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார்.

எங்களுக்கு முன்னிரவு, அவர்களுக்கு விடியற்காலை. அபி வீடியோவில் கூப்பிட்டபோது அத்தான் வீட்டில் இல்லை. நெடுந்தீவில் ஒரு கலியாணவீட்டுக்குப் போகவென்று புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் படகுக்கு நின்றார். வேட்டி சால்வையோடு முகம் முழுக்கத் திரையில் வந்தது. பின்னால் கடல் வெளுத்துக்கொண்டிருந்தது.

இரும்புக்கடைப் பெரியவர் எழும்பினார். திட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவருகிறேன் என்றார். பஸ் நிலையம் இருந்த இடத்திலேயே இருக்கும், மாடி பின்னால் உள்ள கார் தரிப்பிடத்துக்குப் போகும். அபி என்னைக் கிள்ளினாள். அங்கேயும் வாங்கு போடலாம் அம்மா என்று காதுக்குள் சொன்னாள். போனின் சத்தத்தை அடைத்துவிட்டு, திரையைச் சபைப் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார் மேயர். எனக்குக் கண்ணைத் திறந்து பார்க்கப் பயமாக இருந்தது. திறந்தபோது பெரியவரின் கை உயர்ந்திருந்தது. மேயரின் கையும். ஏழு கைகள்.

நான் அபியைக் கட்டிப்பிடித்ததில் அவளுடைய விரல் போனில் பட்டு, அடைத்துவைத்த சத்தம் திறந்துகொண்டது. சபை மண்டபம் முழுக்கக் குறிகட்டுவான் கேட்டது. காற்று, காகம், விசில், கைதட்டல். திரையைத் திருப்பிப் பார்த்தேன். அத்தானைச் சுற்றி ஒரு கூட்டம். மீன்பெட்டியோடு நின்ற பெண்கள், ஒரு கன்னியாஸ்திரி, பள்ளிக்கூட ரீச்சர்மார், கயிற்றைப் பிடித்தபடி படகுக்காரர், எல்லோரும் கையை உயர்த்திக்கொண்டு நின்றார்கள். அத்தான் தொண்டை கிழியக் கத்தினார்.

"வசந்தி, இஞ்சை ஒரு எதிர்வாக்கும் இல்லை!"

அது என்ன சத்தம் என்று மேயர் கேட்டார். அபி எழும்பி, அவர்கள் படகுக்குக் காத்திருக்கும் சனம் என்றாள். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். பெரியவர்தான் முதலில் கையசைத்தார், பிறகு எதிர்த்து வாக்களித்த இருவரும் சேர்ந்து சபை முழுக்கக் கையசைத்தது.

நெடுந்தீவுப் படகு அன்று பிந்தித்தான் வெளிக்கிட்டதாம். முடிவு தெரியாமல் படகை எப்படி எடுப்பது என்று படகுக்காரரே கயிற்றை அவிழ்க்காமல் நின்றாராம், ஒருவரும் அவரை ஏசவில்லையாம்.